கோழிக்கு மட்டுமா நெருப்பு?



கொல்லைப்புற அடுப்பில் எதைச் சுடலாம் என்பதுதான் இன்று நாம் எடுத்துக் கொண்ட பேச்சு. எனக்கு முன் பேசிய நண்பர் கோழி இறக்கைக்கு எட்டு வகை மசாலா சொன்னார். கேட்கும்போதே நாக்கில் நீர் ஊறியது. ஆனால் எட்டும் கோழிதானே ஐயா? மஞ்சள் கோழி, சிவப்புக் கோழி, தேன் தடவிய கோழி. சட்டைதான் மாறுகிறதே தவிர ஆள் மாறவில்லை.

கிள்ளானிலோ, ஷா ஆலாமிலோ, பூச்சோங்கிலோ ஏதாவது ஒரு தாமானுக்குச் சனிக்கிழமை மாலை போய்ப் பாருங்கள். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் புகை எழும்பும். கம்பி வலையின் மேல் கோழி இறக்கை, சொசேஜ், மீன் உருண்டை, கொஞ்சம் வசதியான வீடென்றால் இறால். அடுப்பைச் சுற்றிச் சிரிப்பும் பாட்டும் அமர்க்களப்படும். அதெல்லாம் சரி. நாற்காலிகளையும் கொஞ்சம் பாருங்கள்.

ஓர் ஓரத்தில் பாட்டி உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம். புரட்டாசி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். நம் தாமான்களில் அடுப்பு மூட்டும் கிழமையும் சனி, பாட்டி விரதம் இருக்கும் கிழமையும் சனி. பேத்தி ஓடி வந்து ஒரு ரொட்டித் துண்டை வாட்டிக் கொடுப்பாள். அதுவும் கோழிக் கொழுப்பு சொட்டிய அதே கம்பியில்! பாட்டி அதை மடியில் வைத்துக் கொண்டே இருப்பார், தின்ன மாட்டார். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் மரியாதைக்கு வந்திருக்கும். தேநீர் குடிப்பார்கள், பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளுவார்கள், அரை மணி நேரத்தில் விடைபெற்று விடுவார்கள். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி குவான் இன் தெய்வத்தை வணங்குபவர் என்றால் மாட்டிறைச்சி தொட மாட்டார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நம் நாட்டில் இந்தச் சங்கடங்களை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அடுத்த முறை அழைக்கும்போது ஏதோ ஒரு வேலை இருப்பதாகச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

அதனால்தான் சொல்கிறேன். வேறு என்ன சுடலாம் என்ற கேள்வியை வெறும் நாக்குக் கேள்வியாக நான் பார்க்கவில்லை. அந்த நெருப்பைச் சுற்றி யார் யார் உட்காரலாம் என்பதும் அதற்குள்ளே இருக்கிறது.

சுட்டுத் தின்பது வெள்ளைக்காரன் பழக்கம், 'பார்பிகியூ' என்று பேர் வைத்து நமக்கு விற்றுவிட்டான் என்று சிலர் நினைக்கிறார்கள். கரிகால் வளவனைப் பாடிய பொருநராற்றுப்படையைப் புரட்டிப் பாருங்கள். முடத்தாமக்கண்ணியார் பாடியது. அரசன் வீட்டு விருந்தில், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியைப் பொருநன் வாயில் போட்டுக் கொள்கிறான். சூடு தாங்காமல் இந்தக் கடைவாய்க்கும் அந்தக் கடைவாய்க்கும் மாற்றி மாற்றித் தள்ளுகிறான். நாம் இன்று காஜாங்கில் சாத்தே தின்பதும் அப்படித்தானே! இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பொருநன் பிறகு இறைச்சி அலுத்துவிட்டது என்கிறான். இரவும் பகலும் தின்று தின்று, நிலத்தை உழுத கொழுவைப் போலப் பல் மழுங்கிப் போயிற்றாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் ஆளுக்கு அலுத்துவிட்டது, நண்பருக்கு இன்னும் அலுக்கவில்லை. (சிரிப்பு)

சரி, காரியத்துக்கு வருவோம். முதலில் நான் கொண்டு வருவது தேங்காய்.

ஆம், முழுத் தேங்காய். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரத்தில் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவது ஒரு பண்டிகை. மகாபாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, போரில் தர்மம் வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அன்று தேங்காய் சுட்டுப் படைத்தார்கள் என்று அங்கே கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும், செய்முறையைக் கேளுங்கள். முற்றிய தேங்காயின் நாரை முழுக்க உரித்து, ஓட்டை வழவழவென்று தேய்த்துக் கொள்ள வேண்டும். மூன்று கண்ணில் மெல்லிய கண்ணைத் துளைத்துத் தண்ணீரை ஒரு குவளையில் வடித்துக் கொள்ள வேண்டும். ஊறவைத்த பாசிப்பருப்பு, அவல், பொட்டுக்கடலை, எள், பொடித்த வெல்லம், ஒரு ஏலக்காய் எல்லாவற்றையும் கலந்து அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, வடித்த தண்ணீரில் பாதியைத் திரும்ப ஊற்ற வேண்டும். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பருப்பும் அவலும் உப்புவதற்கு இடம் வேண்டும், ஆவிக்கும் இடம் வேண்டும்.

பிறகு துளையில் ஒரு நீளக் குச்சியைச் செருகுகிறார்கள். அங்கே அழிஞ்சில் குச்சி. நமக்கு இங்கே அது கிடைக்காது, பச்சை மூங்கில் குச்சி போதும். தேங்காய்க்கு மஞ்சள் பூசி, குச்சியைக் கைப்பிடியாக வைத்துக் கொண்டு தணலின் மேல் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். ஓடு கறுத்து, விரிசல் விடும்போது இறக்க வேண்டும். உடைத்தால், உள்ளே பருப்பும் வெல்லமும் தேங்காய்த் தண்ணீரில் வெந்து, பருப்போடு சேர்ந்து ஒரு கொழுக்கட்டைப் பூரணம் மாதிரி இருக்கும். தேங்காய்ப் பருப்பு பாதி வறுபட்டு, புகை மணத்தோடு பிரிந்து வரும். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு ஆளுக்கொரு துண்டு.

மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களில் சேலம் மாவட்டத்துக்காரர்கள் கணிசமானவர்கள். திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு மாதிரியே சேலமும் ஆட்களை அனுப்பிய ஊர். ஆனால் இந்தத் தேங்காயை இங்கே எத்தனை வீட்டில் சுடுகிறார்கள்? ஆடி பிறந்தால் கோயில்களில் கூழ் ஊற்றுகிறோம், அது நிலைத்துவிட்டது. தேங்காய் நிலைக்கவில்லை. இதைத் திரும்பக் கொண்டு வர ஒரு பைசா கூடுதல் செலவில்லை. ஆடி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். தேங்காய்க்கும் பருப்புக்கும் இந்த நாட்டில் மறுப்புச் சொல்லும் மதம் எதுவும் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும்: வெல்லம் வெல்லம்தான். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரிய வந்தது, அதிலும் இந்தியர்கள்தான் முன்னே நிற்கிறோம். அதனால் ஒரு தேங்காயைப் பத்துப் பேருக்கு உடையுங்கள். ஒருவருக்கு ஒரு தேங்காய் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது மீன். ஈக்கான் பாக்கார் தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. கோலாலம்பூரில் ஜாலான் பெல்லாமி ஒட்டுக்கடைகளில் மதிய வேளையில் நின்றால் சட்டையே மணக்கும். ஆனாலும் வீட்டில் மீன் சுட நம் பெண்கள் தயங்குகிறார்கள். காரணம், கம்பியில் ஒட்டிப் பிய்ந்து போகும். அதற்குத்தான் வாழையிலை. நான் சொல்வது திருக்கை மீன். மலாய்க்காரர்கள் ஈக்கான் பாரி என்பார்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பாக மட்டுமே அது தெரியும். அதன் சிறகுத் துண்டில் முள் கிடையாது, மெல்லிய குருத்தெலும்புதான். சின்னப் பிள்ளைக்கும் பல் போன தாத்தாவுக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம்.

திருக்கை ஒரு வாடை அடிக்கும் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த வாடைக்குக் காரணம் இருக்கிறது. சுறாவும் திருக்கையும் கடல் உப்பைத் தாக்குப்பிடிக்க உடம்பில் யூரியாவைத் தேக்கி வைக்கும் இனம். மீன் செத்த பிறகு நேரமாக ஆக அது அம்மோனியாவாக மாறுகிறது. ஆகவே முதல் விதி, அன்று வந்த மீனாக வாங்குவது. மூக்கில் சுள்ளென்று ஏறினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எந்த மசாலாவும் அதைக் காப்பாற்றாது. இரண்டாவது, உப்பும் கெட்டியான புளித் தண்ணீரும் தடவிக் கால் மணி நேரம் வைத்துக் கழுவுவது. புளிப்பு அந்த அம்மோனியாவைக் கட்டிப் போடும். நம் பாட்டிமார் ரசாயனம் படிக்கவில்லை, ஆனால் மீனென்றால் புளி என்று கை தானாகப் போனது.

சம்பாலுக்கு: ஊறவைத்த காய்ந்த மிளகாய் பதினைந்து, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நாலு பல், செராய் இரண்டு தண்டு, சுட்ட பெலாச்சான் கட்டைவிரல் நுனியளவு. அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, கொஞ்சம் புளியும் ஒரு கரண்டி சர்க்கரையும். பச்சைச் சம்பாலை மீனில் தடவிச் சுடாதீர்கள். மேலே கரிந்து உள்ளே பச்சை வாடை நிற்கும். வாழையிலையை நெருப்பில் வாட்டி இரண்டாக அடுக்கி, மீனை வைத்து, மேலும் கீழும் சம்பாலைப் பூசி மூட வேண்டும். விரல் தடிப்புத் துண்டென்றால் ஒரு பக்கம் ஏழெட்டு நிமிடம். இலை கருகும், பயப்பட வேண்டாம், கருகுவதற்குத்தான் இலை. மீன் அதற்குள்ளே ஆவியில் வெந்து கொண்டிருக்கும். தொட்டுக் கொள்ளப் புளித்தண்ணீரில் வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி அரிந்து போட்ட ஆயர் அசாம். இலைக்குள் சுட்டதை மலாய் நண்பருக்கும் கொடுக்கலாம், பன்றி படாத வலையாக இருந்தால்.

இதைச் சொல்லும்போது வலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பன்றி இறைச்சி பட்ட பாத்திரத்தை முஸ்லிம்கள் முறைப்படி ஏழு முறை கழுவுவார்கள், அதில் ஒரு முறை மண் கலந்த நீர். அதையெல்லாம் நீங்கள் செய்யத் தேவையில்லை. புது வலை ஒன்று வாங்கி, அதைத் தனியாகத் தொங்க விடுங்கள். இரும்புக்கடையில் சில ரிங்கிட். சைவத்துக்கும் அதுபோல ஒன்று. கறி வலை, மீன் வலை, சைவ வலை என்று மூன்று இருந்தால் வீட்டுக்கு வந்தவரிடம் வாயால் விளக்க வேண்டியதே இல்லை. அவரே பார்த்துக் கொள்வார், மனசு நிறைந்து சாப்பிடுவார்.

சைவ வலையில் எதைப் போடுவது? நேயர்கள் கடிதங்களில் அதிகம் கேட்பது இதுதான். எடுத்தவுடனே காளான், குடைமிளகாய் என்று போகாதீர்கள், அது ஹோட்டல்காரன் யோசனை. மறுநாள் இட்லியை எடுங்கள். ஆறி இறுகிய இட்லியை நாலாக வெட்டி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியைப் பூசி, ஊறவைத்த மூங்கில் குச்சியில் கோத்து, மிதமான தணலில் காட்டுங்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. சூடான இட்லியில் இது நடக்காது, உதிர்ந்துவிடும். குச்சியை அரை மணி நேரமாவது தண்ணீரில் ஊறப் போடுங்கள், இல்லாவிட்டால் இட்லிக்கு முன் குச்சி வெந்துவிடும்.

தாவு பாக்கார் இரவுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். கெட்டியான தாவுவை இரண்டு பக்கமும் சுட்டு, நடுவே கீறி, வெள்ளரியும் செங்குவாங்கும் துருவி அடைத்து, மேலே கடலைக் குழம்பு. இதில் கறி எங்கே இருக்கிறது? பாட்டிக்குக் கொடுங்கள். ஆனால் பெலாச்சான் இறாலில் செய்தது என்பதை மறந்துவிடாதீர்கள். சைவச் சம்பாலுக்கு அதை விட்டுவிட்டு, வறுத்த எள்ளை அரைத்துச் சேர்த்தால் அந்தக் கனம் வந்துவிடும்.

கத்தரிக்காய் நமக்குப் புதிதல்ல. நெருப்பில் நேரடியாகப் போட்டு, தோல் முழுக்கக் கறுத்துக் காய் தொய்ந்து போகும்வரை விடுங்கள். உரித்துப் பிசைந்து, புளி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கடைசியில் இரண்டு கரண்டி தேங்காய்ப்பால். எரிவாயு அடுப்பில் வாட்டினால் வராத புகை மணம் கரியில் வரும். பெத்தாயை முழுக் காயாகச் சுட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தோல் கொப்புளித்ததும் பிரித்தால் கொட்டை இனிப்பேறி, அந்த முரட்டு வாடை பாதியாகக் குறைந்திருக்கும். அன்னாசியை வட்டமாக அரிந்து, மிளகாய்த் தூளும் உப்பும் தூவி, அதிக நெருப்பில் இரண்டு நிமிடம். அதிலுள்ள சர்க்கரை பாகு பிடித்துப் பழுப்பாகும். அதே அன்னாசிச் சாற்றைக் கறி ஊறவைக்கவும் ஊற்றுவார்கள். மென்மையாகும் என்பது உண்மை. ராத்திரி முழுக்க ஊறினால் கறி கூழாகும் என்பதும் உண்மை.

மரவள்ளிக் கிழங்கைப் பற்றிப் பேசாமல் தோட்டத்துப் பிள்ளைகள் என்னை விடமாட்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காமல் அதைத் தின்றே உயிர் பிழைத்தார்கள். அதனால் அதன் மேல் வெறுப்பாகி, வாழ்நாள் முழுக்கத் தொடாத பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சுடுவதானால் தோலைச் சீவி, முதலில் உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இயற்கையாகவே சயனைடு தரும் பொருள் உண்டு, தோலில் இன்னும் அதிகம். கசக்கும் கிழங்கைத் தின்னவே வேண்டாம். பிறகு வாழையிலையில் சுற்றித் தணலில் புதைத்து, தேங்காய்த் துருவலோடோ நெத்திலிச் சம்பாலோடோ தின்னலாம்.

இவ்வளவையும் ஒரே நெருப்பில் செய்ய முடியுமா என்றால், முடியும். நெருப்பின் வயதைப் பார்த்துப் போட வேண்டும். கரி கொழுந்து விட்டு எரியும் வேளை கத்தரிக்காய்க்கும் பெத்தாய்க்கும். சாம்பல் பூத்து உள்ளே சிவந்திருக்கும் வேளை மீனுக்கும் இட்லிக்கும். கோழியும் அப்போதுதான், நண்பர் கவலைப்பட வேண்டாம். கரியை ஒரு பக்கம் குவித்து, மறு பக்கம் காலியாக விட்டுக் கொள்ளுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். அந்தக் கொழுப்புப் புகையும் கருகிய பாகமும் உடம்புக்கு ஆகாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கருகியதை வெட்டி எறிய வெட்கப்படாதீர்கள். தணல் தணிந்து வரும்போது தேங்காய். எல்லாம் முடிந்த பின் கிழங்கும் பலாக்கொட்டையும்.

கரியும் முக்கியம். பேராக்கில் கோல செப்பெத்தாங் பக்கம் போனால் குடில் மாதிரி வட்டமான கரிச்சூளைகளைப் பார்க்கலாம். மாத்தாங் சதுப்புக் காட்டுப் பாக்காவ் மரம்தான் அங்கே கரியாகிறது. ஏறக்குறைய 40,000 ஹெக்டேர் காடு, முப்பது ஆண்டுச் சுழற்சியில் வெட்டி மறுபடி வளர்க்கிறார்கள். அந்தக் கரி நின்று எரியும், பொறி குறைவு. சிரட்டை சூடு அதிகம், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். மூட்டுவதற்குச் சிரட்டை, நிலைப்பதற்குப் பாக்காவ் என்று வைத்துக் கொள்ளலாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், மீனெல்லாம் விளக்கு வாடை அடிக்கும்.

கிள்ளான்காரர்களுக்குப் புகையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலையே அறிவித்தார்கள். புகைமூட்டம் இருக்கும் நாளில் சட்டம் அனுமதித்தாலும் அடுப்பை மூட்டாதீர்கள். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை இருக்கலாம்.

பிரிக்பீல்ட்ஸில் இப்போது முக்கால்வாசிப் பேர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொல்லைப்புறம் ஏது என்று ஒரு சகோதரி சற்று முன் கேட்டார். நியாயமான கேள்வி. பால்கனியில் கரி அடுப்பு வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளே வேண்டவே வேண்டாம், மழை வந்துவிட்டது என்று அடுப்பை உள்ளே இழுத்து வைப்பது அதைவிட மோசம். கரி அணைந்த மாதிரி தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்து கொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். கீழே பொது இடத்தில் சுடுமேடை இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். இல்லையென்றால் கனமான இரும்புத் தோசைக்கல்லில் வாழையிலை விரித்துத் திருக்கையைச் சுடுங்கள். கரி மணம் கொஞ்சம் குறையும், மற்றதெல்லாம் அப்படியே வரும்.

பலாக்கொட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன், நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒவ்வொரு கொட்டையிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் தணலில் போட வேண்டும். கீறாமல் போட்டால் உள்ளே ஆவி முட்டிப் பட்டாசு மாதிரி வெடிக்கும், பக்கத்தில் குழந்தைகள் இருப்பார்கள். விருந்தாளிகள் பேசிக் கொண்டிருக்கும்போது சாம்பலில் புதைத்துவிட்டால் இருபது நிமிடத்தில் ஆகிவிடும். மேல் ஓட்டை உடைத்து, உப்புத் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். பாட்டியிடம் முதல் பிடியைக் கொடுங்கள்.